விதைத்தட்டு அறுக்கும் சிறு யந்திரமும் அதனை ஆளும் பலகையும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசல் பூமியில் மானாவாரியாக மக்காச்சோளமும் உளுந்தும் பயிரிடும் குடியானவர்களுக்கு விதைப்புக் காலம் மிகவும் குறுகியது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை அநுசரித்துச் சில தினங்களுக்குள் வேலை முடிந்தாக வேண்டும். சாய்தட்டு விதைக்கருவியை டிராக்டரில் பூட்டி விதைப்போர், தட்டின் குழி வாங்கிய விதையின் பருமனுக்குப் பொருந்தாமல் அவதியுறுவதுண்டு. குழி பெரிதானால் இரண்டு மூன்று விதைகள் ஒருங்கே விழுந்து விதைச் செலவு ஏறும். சிறிதானால் விதை சிக்கி நொறுங்கி வரிசையில் வெற்றிடம் உண்டாகும். குழியின் அகலம் விதையின் அதிகபட்ச அளவைக் காட்டிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுதலாயிருத்தல் நலமென்பது வேளாண் பொறியியலார் கொண்டுள்ள கணக்கு.

இத்தகைய தட்டை நைலான் பலகையிலோ அக்ரிலிக் பலகையிலோ ஒரு மாலைப்பொழுதில் அறுத்துக்கொள்ள, மேசைமேல் அடங்கும் சிறு யந்திரமே போதும். சட்டம், அதனை மூன்று திசைகளில் நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்கள், துளையிடும் ஸ்பிண்டில் ஆகியவற்றை ஊர் வெல்டிங் பட்டறைக்காரரும் லேத் பட்டறைக்காரரும் சேர்ந்து அமைத்துவிடுவர். பணம் விரயமாவது பெரும்பாலும் இவற்றை ஆளும் பலகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயாகும்.

எண்களைக்கொண்டு யந்திரத்தை ஆளும் முறை 1952-ம் வருஷம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதல் காட்டப்பட்டபோது, ஆளும் கருவி யந்திரத்தினும் பெரிதாயிருந்தது. இன்று அவ்வேலையை உள்ளங்கையில் அடங்கும் பலகை செய்கிறது. 2013-ல் கலிபோர்னியாவில் திட்டம் வெளியிடப்பட்ட ஃபார்ம்பாட் என்னும் தோட்ட யந்திரமும் இவ்வகைப் பலகையினாலேயே பாத்தியின் மீது நகர்ந்து விதையிட்டு நீர் ஊற்றுகிறது. அது வீட்டுப் பாத்திக்கு ஏற்றது. ஏக்கர்க் கணக்கான புஞ்சைக்கு உதவாது.

தேர்வு இரண்டு வழிகளுக்கிடையே உள்ளது. முதலாவது, கம்ப்யூட்டரே மோட்டாருக்கு வேண்டிய மின்துடிப்புகளைப் பழைய பிரின்டர் துவாரத்தின் வழியாக அனுப்புவது. மாக்-3, லினக்ஸ்-சி.என்.சி. ஆகியவை இவ்வழியில் பிரசித்தமானவை. பின்னது இலவசம், வேலையும் திருத்தமானது. ஆயினும் அத்துவாரமுள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாக்-3 அத்துவாரத்தின் வழியாக 64 பிட் விண்டோஸில் இயங்காது. துடிப்பு ஒரு கணம் பிந்தினாலும் மோட்டார் படி தவறும். தவறியதை யந்திரம் அறியாது. எஞ்சிய குழிகள் யாவும் இடம் பெயர்ந்தே விழும்.

இரண்டாவது வழியில் கம்ப்யூட்டர் கட்டளையை மாத்திரம் யு.எஸ்.பி. கம்பி வழியே அனுப்புகிறது. துடிப்பின் கால அளவைத் தனிப் பலகை காக்கிறது. நார்வே நாட்டவரான சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் தொடங்கிய ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவசச் செயலியை அர்டுயினோ யூனோ பலகையில் ஏற்றினால் மூன்று அச்சுகளையும் ஆளலாம். பலகை, அதன் மேல் பொருத்தும் மேற்பலகை, மூன்று சிறு டிரைவர்கள் யாவும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் அடங்கும். புதிதாகத் தொடங்குவோருக்கு இவ்வழியே உசிதம்.

டிரைவர் விஷயத்தில் மாத்திரம் சிக்கனம் ஆகாது. முகம் 42 மில்லிமீட்டர் உள்ள நேமா-17 மோட்டாருக்கு ஏ-4988 டிரைவர் போதும். வெப்பந்தணிக்கும் தகடும் காற்றாடியும் இல்லாவிடில் அது சுமார் ஓர் ஆம்பியருக்கு மேல் தாங்காது. 57 மில்லிமீட்டர் முகமுள்ள நேமா-23 மோட்டாரை அதில் இணைப்பது வீண். அதற்கு 4.2 ஆம்பியர் வரை கொடுக்கும் டி.எம்.-542 போன்ற தனி டிரைவர் வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் அக்கணமே கெடும். முதல் வாரத்தில் டிரைவரை இழப்போர் பலரும் இதனாலேயே இழக்கின்றனர்.

அளவுக் கணக்கு எளிது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பகுத்தால் 1600 துடிப்பு. திருகுதண்டு ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்துமாயின் மில்லிமீட்டருக்கு 200 துடிப்பு என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும். பின்பு 100 மில்லிமீட்டர் நகரச் சொல்லி அளவுகோலால் சரிபார்ப்பது அவசியம்.

மின்தடை ஏற்படும் ஊர்களில் ஒவ்வொரு அச்சுக்கும் எல்லைச் சுவிட்சு கட்டாயம் வேண்டும். மின்சாரம் திரும்பியதும் யந்திரம் அச்சுவிட்சைத் தொட்டுத் தன் தொடக்க இடத்தைக் கண்டுகொள்ளும். தட்டைக் கழற்றாதிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவசர நிறுத்தப் பொத்தான் கம்ப்யூட்டர் வழியாயன்றி, மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் செல்லும் மின்சாரத்தையே நேராகத் துண்டிப்பதாயிருக்க வேண்டும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இதனினும் பெரிய ஜாக்கிரதை தேவை. சிறு ஸ்பிண்டில்களில் பலவும் கார்பன் பிரஷ் உள்ளவை. அவற்றில் எந்நேரமும் தீப்பொறி பறக்கும். வெடிமருந்துக் கூடத்திலோ, அலுமினியத் தூளோ திரியோ வைத்திருக்கும் இடத்திலோ, காகிதக் குழாய் உருட்டும் வீட்டிலோ இதனை ஒருபோதும் வைக்கலாகாது. யந்திரத்துடன் மலிவாய்ச் சேர்த்து விற்கும் லேசர் முனையை இப்பிரதேசத்தார் வாங்காதிருப்பதே நன்று. பட்டறைக்கு இடம் பார்க்கும்போதே கிராம அதிகாரிகள் இதைக் கவனித்துச் சொல்லுதல் வேண்டும். வைத்தபின் அகற்றச் சொல்வது மனஸ்தாபத்துக்கே இடமாகும்.

நாலைந்து கிராமத்தார் கூடி ஒரு யந்திரம் வைத்துக்கொண்டால் செலவு தெரியாது. பயிருக்குரிய இடைவெளியை அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு 60-க்கு 25 சென்டிமீட்டர் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. முதல் தட்டை மலிவான பிளைவுட்டில் அறுத்து, களத்தில் தார்ப்பாய் விரித்து, விதைக்கருவியை நிறுத்தியபடியே தட்டை ஐம்பது சுற்றுச் சுற்றி விழுந்த விதைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 24 குழித் தட்டானால் 1200 விதை விழ வேண்டும். நொறுங்கிய விதைகளைத் தனியே பொறுக்கி எண்ணி, குழியைத் திருத்திய பின்னரே நைலானில் அறுப்பது முறை. இவ்வளவும் புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.