589 ரூபாயின் விலை

கடனே வாங்காதவர் சிபில் அறிக்கையைத் திறந்தால் மைனஸ் 1 என்று இருக்கும். 300-லிருந்து 900 வரை ஓடும் அளவுகோலுக்கு வெளியே நிற்கிற எண் அது. தப்பு செய்தவர் என்று அதற்கு அர்த்தமில்லை. இவரைப் பற்றி எழுத ஒரு வரியும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 20 வருஷமாக ஏலச்சீட்டுத் தவணை ஒன்றுகூடத் தவறாத அம்மாவுக்கும் இதே மைனஸ் 1தான். கைமாற்று, தண்டல், மளிகைக்கடை நோட்டு எதுவும் அங்கே ஏறாது.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிதியமைச்சகம் மக்களவையிலும் இதை எடுத்துச் சொன்னது. குறைந்தபட்சம் இத்தனை புள்ளி வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி எங்கும் விதிக்கவில்லை. வங்கிகள் தத்தம் கொள்கைப்படி முடிவெடுக்கின்றன. 750 என்று ஊரெல்லாம் சொல்லும் எண் அப்படிப் புழக்கத்தில் நிலைத்ததுதான்.

சரி, மைனஸ் 1-லிருந்து ஏற எவ்வளவு செலவாகும்? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஆலையில் மாதம் 22,000 ரூபாய்க்குச் சேர்ந்த ஒருவரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டைக் காட்டிக் கிரெடிட் கார்டு கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். 25,000 ரூபாயை எஃப்.டி.யில் போடுகிறார், அதில் 80 விழுக்காடு, அதாவது 20,000 ரூபாய் வரம்புள்ள கார்டு வருகிறது. வட்டி 6.5 விழுக்காடு, ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் வருடக் கணக்கு இது:

எஃப்.டி. வட்டி (காலாண்டுக் கூட்டு): வரவு 1,665
கார்டு ஆண்டுக் கட்டணம், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யுடன்: பற்று 589
சேமிப்புக் கணக்கிலேயே கிடந்திருந்தால் 2.5 விழுக்காட்டில் வந்திருக்கக்கூடியது: பற்று 625
மிச்சம்: 451

புள்ளி கட்டுவதற்குச் செலவு பூஜ்யத்துக்கும் கீழே. பஸ் பாஸ், ரீசார்ஜ், பெட்ரோல் என்று மாதம் 3,000 ரூபாயை அதில் தேய்த்து, பில் வந்ததும் முழுத்தொகையையும் கட்டினால் போதும். வட்டி ஒரு ரூபாய்கூட ஏறாது. ஏறத்தாழ 6 மாதத்தில் மைனஸ் 1 மறைந்து மூன்றிலக்க எண் வந்துவிடும். புள்ளியைக் கூட்டித் தருகிறோம் என்று 5,000, 10,000 கேட்கிறவர்களிடம் விற்பதற்குச் சரக்கே இல்லை என்பது இந்த 4 வரிக் கணக்கிலேயே தெரிகிறது.

3,000 என்பது வரம்பில் 15 விழுக்காடு. 30-ஐத் தாண்டாதீர்கள் என்று எல்லோரும் சொல்வதும் சட்டமல்ல, கைக்கணக்கு. ஆனால் காரணம் உண்டு: வரம்பை முட்டிக்கொண்டு செலவழிப்பவர் பணமுடையில் இருப்பவராகக் கணக்கில் தெரிவார். 14,000 ரூபாய்க்குப் போன் வாங்கினால் பயன்பாடு 70 விழுக்காடு. பில் போடும் தேதிக்கு முன்பே 10,000-ஐக் கட்டிவிட்டால் பில்லில் 4,000தான் நிற்கும், 20 விழுக்காடு. செலவு அதே செலவுதான். கட்டிய நாள் மட்டும் மாறியது.

தொகையைவிட நாள் பெரிது என்பதே இந்தக் கணக்கின் குணம். அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் மாதத்துக்கு ஒரு கட்டம் வீதம் 36 கட்டங்கள் வரை இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000. தவறினால் எத்தனை நாள் தாமதம் என்ற எண். எத்தனை ரூபாய் தவறியது என்பது அந்தக் கட்டத்தில் இருக்காது.

இப்போது அந்த 589-க்குத் திரும்பலாம். கார்டையே தொடாத மாதத்தில் ஆண்டுக் கட்டணம் மட்டும் பில்லாக வந்திருக்கிறது. ‘நான்தான் எதுவும் வாங்கலையே’ என்று நம்மவர் மின்னஞ்சலைத் திறக்கவில்லை. கெடு தேதி கடந்து 3 நாள் வரை ரிசர்வ் வங்கி பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் பாக்கி என்று பதியலாம், அபராதம் போடலாம். ஆனால் பதியும்போது நாள் எண்ணிக்கை கெடு தேதியிலிருந்தே தொடங்கும். 30 வரை ஒரு படி, 60 வரை அடுத்தது, 90-ஐத் தாண்டினால் வாராக்கடன். 30 லட்சம் வீட்டுக்கடனுக்கும் 589 ரூபாய்க்கும் இதே ஏணிதான். 3 வருடமாகக் கட்டி வருபவர் ஒரு மாதம் சறுக்கினால் 36-ல் 1 கட்டம் கறை. 6 மாதத்துக்கு முன் கார்டு வாங்கியவருக்கு 6-ல் 1. புதியவரைத்தான் இது அதிகம் அடிக்கும்.

அடி ரூபாயில் எவ்வளவு? சில வங்கிகள் வீட்டுக்கடன் வட்டியைப் புள்ளியோடு கட்டிவைத்திருக்கின்றன. 30 லட்சம், 20 ஆண்டு. 8.5 விழுக்காட்டில் மாதத் தவணை 26,035, 9.25 விழுக்காட்டில் 27,476. வித்தியாசம் மாதம் 1,441, மொத்தம் 240 தவணைக்கு 3,45,840 ரூபாய். 589-ஐப் போல 587 மடங்கு. ஒரே ஒரு தவறு இந்த முக்கால் விழுக்காட்டைக் கொண்டுவந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. இரண்டு மூன்று சின்னத் தவறுகள் சேர்ந்தால் எந்த அளவுக்குப் போகலாம் என்பதற்கு இது அளவு.

‘மினிமம் டியூ கட்டினால் போதும்’ என்பதையும் ரூபாயில் பார்த்துவிடலாம். பாக்கி 20,000, வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்றால் 700, அதற்கு ஜி.எஸ்.டி. 126. நீங்கள் மினிமம் டியூவாகக் கட்டிய 1,000-ல் 826 அங்கேயே கரைந்து, கடனில் குறைவது 174. கட்டத்தில் 000 வரும், உண்மை. ஆனால் புதுச் செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும், பயன்பாட்டு விழுக்காடும் இறங்காது. புள்ளியைக் காப்பாற்றப் பணத்தை எரிக்கும் வேலை இது.

கடையில் ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்கும் மிக்ஸி, செல்போன் எல்லாம் பல நேரம் நிதி நிறுவனத்தின் தனிக் கடனாகவே அறிக்கையில் ஏறுகின்றன. தவணை 2,100 ரூபாய். பிடித்தம் வரும் காலையில் கணக்கில் 2,060. பவுன்ஸ் கட்டணம் நிறுவனத்துக்கு 500, வங்கிக்கு 250, ஜி.எஸ்.டி. 135 என்று கொண்டால் 40 ரூபாய் குறைந்ததற்கு 885 ரூபாய். சம்பளம் 1-ஆம் தேதி வருமென்றால் பிடித்தத்தை 5-க்கு வைத்துக்கொள்ள முதல் நாளே கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பின் தேதியை மாற்றுவது பெரும்பாடு.

அடுத்தவர் கணக்கும் நம் பெயரில் ஏறும். நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து நம் அறிக்கையில் நிற்கும். கல்விக்கடனில் அப்பா இணைக் கடனாளி என்றால், பிள்ளை தவறுகிற மாதம் அப்பாவின் கட்டத்திலும் விழும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிற வீடுகள் நம்மிடம் நிறைய.

80,000 பாக்கியை 45,000-க்கு முடித்துக்கொள்ளலாம் என்று வசூல்காரர் போனில் சொன்னால் 35,000 லாபம்போல் இருக்கும். அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று எழுதப்படும், ‘க்ளோஸ்டு’ என்றல்ல. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் இந்த விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டியவை. வழியே இல்லாதவருக்கு அதுவும் ஒரு வழிதான், பேரமாக நினைக்க வேண்டாம்.

ஒரே வாரத்தில் 5 இடத்தில் விண்ணப்பித்தால் 5 விசாரணைகள் பதியும். நம் அறிக்கையை நாமே பார்ப்பது எத்தனை முறையானாலும் புள்ளியைத் தொடாது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நிறுவனங்கள் 4. ஒவ்வொன்றும் காலண்டர் ஆண்டுக்கு 1 முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். காலாண்டுக்கு ஒன்றாகப் பிரித்து வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண்காணிப்பு, செலவு 0. வங்கிகள் தகவலை மாதம் 2 முறையாவது அனுப்ப வேண்டும் என்பது 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தவறு திருத்தப்பட்டதா என்று முன்புபோல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டிய கடன் கட்டாததாக இருந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியுள்ள ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், 31-ஆம் நாளிலிருந்து நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடப்பில் உள்ளது. வங்கி 21 நாளுக்குள் திருத்தம் அனுப்பவில்லை என்றால் கொடுக்க வேண்டியது வங்கி. அது அனுப்பியும் தாமதம் என்றால் தகவல் நிறுவனம். 75-ஆம் நாள் தீர்ந்த புகாருக்கு 4,500 ரூபாய், தீர்ந்ததிலிருந்து 5 வேலை நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும்.