புல்வெளிக்கு வந்த பெட்டித் தேனீ

வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குத் தேன் எடுக்க வளர்க்கப்படும் தேனீ அந்நியப் பூச்சி. ஐரோப்பியக் குடியேறிகள் 1622இல் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்த இனம் அது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அக்கண்டத்தின் பூக்களுக்கு ஏறத்தாழ 4,000 வகை நாட்டுத் தேனீக்கள் மகரந்தம் சேர்த்துவந்தன. அவற்றில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழ்பவை.

இன்று கோடையில் வடக்கு டகோட்டாவின் புல்வெளி ஓரங்களில் லாரி லாரியாகத் தேன்பெட்டிகள் வந்திறங்குகின்றன. ஒரு பெட்டியில் பல்லாயிரம் தேனீக்கள். பூத்த இடத்தைக் கண்டது நடனமாடி மற்றவற்றுக்குச் சொல்லிவிடும். அவை அள்ளிச் சென்றபின் தனித்து வாழும் நாட்டுத் தேனீயின் குஞ்சுக்கு மிஞ்சும் மகரந்தம் குறைவு.

பூக்களுக்குத் தேனீக்களின் வருகை கூடினால் விதையும் கூடும் என்று எண்ணிவிட முடியாது. பெட்டித் தேனீ மகரந்தத்தைத் தேனால் நனைத்துப் பின்னங்காலில் உருண்டையாக அழுத்திக்கொள்கிறது. அந்த உருண்டை சூல்முடிக்கு எளிதில் போய்ச் சேராது. ஒரே செடியின் பூக்களையே சுற்றினால் தன்மகரந்தச் சேர்க்கை மிகும். பல செடிகளுக்கு அது கேடு.

ஷூட்டிங் ஸ்டார் என்னும் புல்வெளிப் பூவைப் பார்த்தால் இது தெளிவாகும். கூம்பாகக் குவிந்த மகரந்தப்பைகளின் நுனி வழியாகத்தான் அதில் தூள் உதிரும். நாட்டுத் தேனீயான பம்பிள் தேனீ பூவைப் பற்றித் தொங்கி, சிறகுத் தசைகளை ரீங்காரத்தோடு அதிரவைத்து அதை உதிர்க்கிறது. பெட்டித் தேனீக்கு அந்த வித்தை கிடையாது. அதைவிடக் கவலை தருவது, பெட்டித் தேனீயிடமுள்ள சிறகுச் சிதைவு வைரஸ் பூக்கள் வழியே பம்பிள் தேனீக்கும் தொற்றக்கூடும் என்பதுதான்.