குடுவைச் செடியின் சிவப்பு

மாமரம் தளிர்க்கும் காலத்தில் அதன் கொழுந்து செம்பு நிறமாய் விளங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகளின் சிவப்பும் அதனால் உண்டாவதே.

நான் ஓய்வு பெற்ற பின்னர், நாற்றுப் பண்ணை ஒன்றில் விதையிலிருந்து வளர்த்த குடுவைச் செடியொன்றை வாங்கினேன். நெப்பந்தஸ் காசியானா என்பது அதன் பெயர். மேகாலயத்துக் குன்றுகளில் வளர்வது. இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் இனம் இஃதொன்றே. விற்றவர் காட்டிய படத்தில் குடுவைகள் சிவந்திருந்தன. என் வீட்டுத் தாழ்வாரத்திலோ, ஓராண்டு கழிந்தும் அவை வெளிறிய பச்சையாகவே இருந்தன. ஏமாற்றப்பட்டேன் என்றே கருதினேன். குறை செடியிலும் இல்லை, விற்றவரிடத்திலும் இல்லை. தாழ்வாரத்தில் ஒளி போதவில்லை.

இலையிலுள்ள பச்சையம் ஒளியைப் பற்றி உணவு ஆக்குகிறது. தேவைக்கு மிஞ்சிய ஒளியோ இலையின் உயிரணுக்களைக் கெடுக்கும். அப்போது செடி ஆந்தோசயனினைத் தோற்றுவித்து, மிகுதியான ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்துக்கொள்கிறது. நிழலில் நிற்பவனுக்குக் குடை எதற்கு? நீல ஒளியும் புற ஊதாக் கதிர்களும் இந்நிறமி உண்டாவதைச் சிறப்பாகத் தூண்டுகின்றன. சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களுள் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். வெனிசுலாவின் உயர்ந்த மேட்டு நிலங்களில் கடுமையான வெயிலிற் சிவக்கும் ஹீலியாம்போரா, மங்கிய அறையில் பசுமையாகிவிடுவதும் வியப்பன்று.

செயற்கை விளக்கில் வளர்ப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சிறு விளக்கிலிருந்து செடியை இருமடங்கு தொலைவில் வைத்தால், ஒளி பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. (வகுப்பில் இக்கணக்கைச் சொல்லும்போது தூங்கியவர்கள் இப்போதாவது கேட்கலாம்.)

இன்னொரு மயக்கமும் உண்டு. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த எல்.இ.டி. விளக்கின் கீழ்ப் பச்சை இலை கறுத்துத் தோன்றும். காரணம், அவ்விளக்கில் இலை திருப்பியனுப்பத்தக்க பச்சை ஒளி இல்லை. ஆகவே செடியின் உண்மை நிறத்தை அறிய விரும்புவோர் அதனைப் பகல் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து பார்த்தல் வேண்டும்.

ஒளி எவ்வளவு இருப்பினும், பிறவியில் இல்லாததை அது கொடுக்காது. வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் சரசீனியா பர்ப்யூரியா பெரும்பாலும் சிவந்த நரம்புகளை உடையது. அதிலேயே ஆந்தோசயனினை ஆக்கும் ஆற்றலற்ற வகையொன்றும் உண்டு. கடும் வெயிலிலும் அது சிவப்பதில்லை.

நிறத்தின்மேற் கொண்ட ஆசையால் செடியை அழிப்போரும் உளர். நிழலில் வளர்ந்ததைத் திடீரென்று நண்பகல் வெயிலில் வைத்தால் இலை கருகும். கருகிய இடம் மீண்டும் பசுமையாவதில்லை. அன்றியும், ஊட்டம் குறைந்து வாடும் செடியும் சிவக்கக்கூடும். சிவப்பைக் கண்டவுடன் செடி நலமாயிருக்கிறது என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. புதிய இலை வருகிறதா, அதன் நுனியிற் குடுவை திரள்கிறதா என்று பாருங்கள்.

என் செடியைப் பல வாரங்களாகச் சிறிது சிறிதாக நகர்த்திக் கீழ்த்திசைச் சுவரோரம் கொண்டுவந்தேன். பழைய குடுவைகள் பெரிதும் மாறவில்லை. அதன்பின் விரிந்தவற்றில் வாயோரம் சிவந்தது; பிறகு வெயில் படும் பக்கமெல்லாம் சிவந்தது. சுவரை நோக்கிய பக்கம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.