வீட்டைச் சுற்றி இடம் விடுவது எதற்கு?

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. தூத்துக்குடியில் வீடு கட்டுகிறவர்கள் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. "காசு கொடுத்து வாங்கிய மனை. அதில் ஏன் இடம் விட வேண்டும்?" என்பதே அது.

கணக்கு என்ன?

தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான கட்டட விதிகள் 2019-ஆம் ஆண்டில் வந்தன. மனை 1,000 சதுர அடியா? சாதாரண உயரமுள்ள கட்டடமானால், எல்லா மாடிகளும் சேர்ந்து 2,000 சதுர அடி வரை கட்டலாம். வீட்டின் முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்.

விடுகிற இடம் வீணா?

இல்லை! காற்றும் வெளிச்சமும் வருவது அந்த வழியாகத்தான். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பதும் அந்த இடைவெளிதான்.

தூத்துக்குடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது கடலோரச் சமதளம். மழைத் தண்ணீர் தெரு வாறுகாலில் இறங்கி, பக்கிள் ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். வாறுகால் மேல் வாசற்படி கட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

2023 டிசம்பரில் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அத்தனை மழையை வீட்டு முற்றம் தாங்காதுதான். ஆனால் சாதாரண மழைக்கே தெரு குளமாகாமல் இருக்க, முற்றமும் வாறுகாலும் வேண்டும்.

கடலோரத்தில்

கடல் நீர் பெருகி ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை தனிக் கட்டுப்பாடு 1991-இல் வந்தது. வீடுகள் நிறைந்த நகர்ப் பகுதியில், ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலத்தின் பக்கமாகவே பொதுவாகக் கட்டலாம். கடல் பக்கம் கூடாது.

கையெழுத்து உங்களுடையது

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், ஒரு மாடிக்கு மேற்படாத வீட்டுக்கு உடனே அனுமதி கிடைக்கும். அதிகாரி முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை. "விதிப்படி கட்டுகிறேன்" என்று வீட்டுக்காரரே உறுதி கூறுகிறார். விதியை மீறினால் கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைக்கவும் சட்டம் உண்டு.

ஆகவே, கொத்தனார் கயிறு பிடிக்கும் நாளில் நீங்களும் கூட நில்லுங்கள். வரைபடத்தில் உள்ள அளவு மண்ணிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு சுவரை நகர்த்த முடியாது!