சர்வர் அறை – 9: திரை சும்மா இருந்தால் என்ன செய்வது?

சென்ற வாரம் பேக்கப் எடுப்பதைப் பார்த்தோம். எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றும் முறையை எழுதி வைப்பது பற்றி இந்த வாரம். சிஸ்டம் நிர்வாகிகள் பலரும் தள்ளிப்போடும் வேலை இதுதான். அந்தத் தொழிலிலேயே இதைவிட முக்கியமான வேலை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சேரன்மகாதேவி மாதிரி ஊர்களில் சர்வர் அறை என்பது பெரும்பாலும் மாடிப்படிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் சின்ன அறை. உள்ளே ஒரு ஏசி, ஒரு யுபிஎஸ், ஒன்றோ இரண்டோ சர்வர். பள்ளியோ, மருத்துவமனையோ, ஜவுளிக்கடையோ, எல்லாவற்றுக்கும் "சிஸ்டம் பாக்குத தம்பி" ஒருவர்தான். சந்தேகம் கேட்க மேலே ஆள் கிடையாது, பக்கத்திலும் கிடையாது. அவருக்குச் சென்னையில் நல்ல வேலை கிடைத்துவிட்டால், அந்த சர்வரைப் பற்றித் தெரிந்தது அத்தனையும் அவரோடு பஸ் ஏறிவிடும். புதிதாக வந்தவர் ஒரு மாதம் வரைக்கும் போன் போடுவார்: "அண்ணே, அந்த ரெண்டாவது சர்வர் எதுக்குண்ணே ஓடுது? ஆஃப் பண்ணலாமா?"

அதே ஊரின் ரயில் நிலையத்தில் இப்படி நடக்காது. இந்திய ரயில்வேயில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த நிலையத்துக்கு மட்டுமேயான பணி விதிகள் எழுத்தில் இருக்கின்றன. எத்தனை தண்டவாளம், எந்த சிக்னல் எங்கே, சிக்னல் பழுதானால் ரயிலை எப்படி அனுப்புவது என எல்லாம் அதில் உண்டு. மாற்றலாகி வரும் ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் படித்து, புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகே தனியாகப் பொறுப்பேற்க முடியும். எங்கும் பொருந்தும் பொது விதிப் புத்தகம் தனியாக இருக்கிறது. ஆனாலும் இந்த நிலையத்துக்கு என்ன என்று எழுதியே ஆக வேண்டும். சர்வருக்கும் அதுதான் வேண்டும். லினக்ஸ் பற்றிய புத்தகங்கள் உலகில் ஏராளம். இந்த அறையில், இந்தப் பெட்டியில், எந்த டிஸ்க்கில் மாணவர் கட்டண விவரம் இருக்கிறது என்பதை வேறு யார் எழுதித் தருவார்?

எழுதியதில் ஒரு வரி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கிட்லாப். உலகெங்கும் புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 இரவு, அதன் துணை டேட்டாபேஸ் சர்வர் முதன்மை சர்வரைவிடப் பின்தங்கிப் போனது. துணை சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு முதன்மையிலிருந்து புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கான கட்டளை பிஜி_பேஸ்பேக்கப். பொறியாளர் அதைக் கொடுத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

உண்மையில் பழுது ஒன்றும் இல்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கட்டளை பேசாமல் காத்திருக்கும். அதன் சுபாவமே அதுதான். இதை நிறுவனத்தின் சொந்தக் கையேடும் தெளிவாகச் சொல்லவில்லை, அந்தக் கட்டளையின் அதிகாரபூர்வ ஆவணமும் சொல்லவில்லை. பழைய கோப்புகள் மிச்சமிருப்பதால்தான் நிற்கிறது போலும் என்று நினைத்த பொறியாளர், அவை இருக்கும் டைரக்டரியை அழித்தார். அழித்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப் இருக்குமே என்பீர்கள். தினசரி பேக்கப் எடுக்கும் நிரல் பழைய பதிப்பு, டேட்டாபேஸோ புதிய பதிப்பு. ஆகவே ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக சுமார் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். தளம் திரும்ப எழ ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இவை அத்தனையையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது அந்த நிறுவனம். அதனால்தான் நாம் படிக்க முடிகிறது.

'இந்தக் கட்டளை சில நிமிடம் பேசாமல் நிற்கும், பயப்படாதீர்கள், காத்திருங்கள்.' இந்த ஒரு வரி இருந்திருந்தால், அந்த இரவில் பொறியாளரின் கை டைரக்டரிமேல் போயிருக்காது என்றே நம்புகிறேன். கட்டளையை எழுதுவது பாதி வேலைதான். கொடுத்ததும் என்ன தெரியும், எவ்வளவு நேரம் ஆகும், ஒன்றுமே தெரியாவிட்டால் அது நல்லதா கெட்டதா, தப்பாகப் போனால் எந்த இடத்திலிருந்து திரும்பலாம், எந்த இடத்துக்குப் பிறகு திரும்பவே முடியாது என்பதெல்லாம் மீதிப் பாதி. அழிக்கும் கட்டளை வருமுன் 'நீங்கள் எந்த சர்வரில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்' என்பது தனி வரியாக, தனி எண்ணோடு நிற்க வேண்டும்.

குறையைச் சொல்வது இந்த எழுத்து வகையில் தொடக்கத்திலிருந்தே உண்டு. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. எழுதியவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று போய், முடிவை ஒட்டி 'பக்ஸ்' என்றொரு பகுதி. இந்தக் கட்டளை எங்கே சறுக்கும் என்று அதை எழுதியவரே ஒப்புக்கொள்ளும் இடம் அது. நம் கையேடுகளில் நான் தேடித் தேடிக் காணாதது இதைத்தான். 'யுபிஎஸ் பேட்டரி பழசு, இருபது நிமிடம்கூடத் தாங்காது' என்று எழுத ஏன் கூச வேண்டும்? அடுத்து வருபவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் தேவை.

இன்னொன்று, தாளில் அச்செடுத்து வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை மீறியபோது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. சர்வரை மீட்கும் வழிமுறை அந்த சர்வருக்குள்ளேயே இருந்தால், அல்லது இணையத்தில் எங்கோ இருந்தால், அந்த நாளில் அதை எப்படிப் படிப்பது? தரைத்தளத்தில் சர்வர் இருந்தால் எதை முதலில் அணைப்பது, எதைக் கழற்றி மாடிக்குத் தூக்குவது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

தமிழிலேயே எழுதலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது; து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் டேட்டாபேஸைத் தமிழில் கற்றுத்தந்தன. கட்டளைகளை மட்டும் உள்ளது உள்ளபடி விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வதுபோல் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும், அந்த சர்வரை இதுவரை தொடாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், நேற்றைய பேக்கப்பை அவர் ஏற்றிப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று வாயே திறக்கக் கூடாது. அவர் எங்கெல்லாம் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் ஒரு வரி குறைகிறது. குறித்துக்கொண்டு அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: பாஸ்வேர்டுகளை எங்கே எழுதி வைப்பது?