சட்டம் படித்தால் லாயர் மட்டும்தானா?

சுங்காயில் ஒரு மாணவி “நான் சட்டம் படிக்கப் போகிறேன்” என்று சொன்னால், வீட்டில் அடுத்து வரும் கேள்வி “லாயராகப் போறியா?” என்பதுதான். நல்ல தொழில்தான். ஆனால் வழக்கறிஞர் தம்மிடம் வரும் வழக்கைப் பார்க்கிறார். நூற்றுக்கணக்கான வழக்குகளை ஒன்றாக வைத்து, ‘இந்தச் சட்டமே சரியாக வேலை செய்கிறதா?’ என்று கேட்பவர் குற்றவியல் சட்ட ஆய்வாளர்.

அந்தக் கேள்விக்கு என்ன பயன்?

நம் நாட்டில் கொலைக்கும் போதைப்பொருள் கடத்தலுக்கும் நீண்ட காலம் கட்டாய மரண தண்டனை இருந்தது. ‘மக்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்’ என்று பலரும் சொல்லி வந்தனர். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் ஹூட் அதைச் சோதித்துப் பார்த்தார். 1,535 மலேசியர்களிடம் எடுத்த கருத்தாய்வின் முடிவை 2013இல் வெளியிட்டார். கொலைக்குக் கட்டாய மரண தண்டனை வேண்டும் என்றவர்கள் 56 விழுக்காட்டினர். ஆனால் சில வழக்குகளின் விவரங்களைக் கொடுத்து, ‘நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்’ என்றபோது, அவர்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே எல்லா வழக்கிலும் மரண தண்டனையைத் தேர்ந்தெடுத்தனர். கேள்வியை மாற்றியதும் பதிலும் மாறியது!

இத்தகைய ஆய்வுகளும் பலரின் நீண்ட காலக் குரலும் சேர்ந்து விவாதத்தை வளர்த்தன. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. தண்டனையைத் தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதியிடம் உள்ளது.

நம்மைத் தொடும் கேள்வியும் உண்டு. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. அதைக் கேட்டுத் தலைகுனிவதோ கோபப்படுவதோ மட்டும் போதுமா? இந்த எண்ணிக்கை எப்படி எடுக்கப்பட்டது? தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது? கும்பலிலிருந்து மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள்? இவற்றுக்கு ஆதாரத்தோடு பதில் தேட ஆய்வாளர்கள் வேண்டும்.

வழி என்ன? எஸ்.பி.எம். முடித்து எஸ்.டி.பி.எம். எழுதி, மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சட்டம் பயிலலாம். பிறகு முதுகலை, முனைவர் பட்டம். விரிவுரையாளராகி ஆய்வும் செய்யலாம். சமூகவியல், உளவியல் படித்தவர்களும் குற்றவியல் ஆய்வுக்கு வரலாம். காலம் பிடிக்கும், பொறுமை வேண்டும். புள்ளிவிவரத்தைப் படிக்கும் பழக்கமும் தேவை.

ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சட்டத்தை மலாயிலும் ஆய்வுகளை ஆங்கிலத்திலும் படித்துவிட்டு, சிறையிலிருந்து திரும்பிய மகனின் தாயாரிடம் தமிழில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கைவந்த பலம்.

வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில், பெற்றோரோடு தாப்பா நீதிமன்றத்துக்குச் சென்று, கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் ஒரு காலைப் பொழுது அமர்ந்து பாருங்கள். மனத்தில் எழும் முதல் ‘ஏன்?’ என்ற கேள்வியைக் குறித்து வையுங்கள். ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.