முறையும் குறையும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு விண்ணப்பங்களை மொழிபெயர்ப்பதில் எழும் சில சிக்கல்கள்

1881-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், அரை நூற்றாண்டுக்கால ஆங்கில நிருவாகம் முடிவுற்று, மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், தசராவை ஒட்டித் திவான் ரங்காச்சார்லு 144 உறுப்பினர் கொண்ட ஓர் அவையை மைசூரில் கூட்டினார். வட்டந்தோறும் ஓரிரு நிலமுடைய உழவர்கள், மாவட்டந்தோறும் சில வணிகர்கள் என உறுப்பினர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். தேர்தல் முறை 1891-இல்தான் வந்தது. கன்னடத்தில் இது 'பிரஜாபிரதிநிதி சபை' எனப்பட்டது. இவ்வவை பற்றி இன்று தமிழில் எழுதுவோர் சிலர் இதனை 'மைசூர்ச் சட்டமன்றம்' என்று குறிக்கின்றனர். அச்சொல் பொருந்தாது. சட்டம் இயற்றும் அதிகாரம் இவ்வவைக்கு இருந்ததில்லை. அதற்கெனத் தனியே ஒரு சட்டசபை 1907-இல்தான் அமைக்கப்பட்டது. 1881-இன் அவையில் திவான் ஆட்சியறிக்கையைப் படிப்பார்; உறுப்பினர்கள் தத்தம் பகுதியின் குறைகளை எடுத்துரைப்பர்; திவான் மறுமொழி கூறுவார். அவ்வளவே.

எனினும் அவ்வளவு எளிதாக ஒதுக்கத்தக்கதும் அன்று இவ்வவை. அதனுள் நிகழ்ந்த பேச்சைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்னும் வினா, அன்றைய குடிமக்கள் அரசின் முன் எந்நிலையில் நின்றனர் என்னும் வினாவாகவும் அமைகிறது. இக்கட்டுரை அதனையே ஆராய்கிறது.

1. ஓர் ஆங்கிலச் சொல்லின் இரு முகங்கள்

மைசூர் அவையின் ஆங்கில நடவடிக்கைக் குறிப்புகளில் உறுப்பினர்கள் கூறியவை யாவும் 'ரெப்ரசன்டேஷன்' என்றே வழங்கும். அவையின் பெயரிலும் அச்சொல்லின் அடியே உள்ளது. ஒருவர்க்காக மற்றொருவர் நிற்றல் என்பதும், மேலிடத்தில் ஒன்றை எடுத்துரைத்தல் என்பதும் அவ்வொரு சொல்லில் அடங்கும். தமிழில் இவை பிரிந்தே நிற்கின்றன. முன்னது பிரதிநிதித்துவம் அல்லது சார்பாண்மை. பின்னது முறையீடு, விண்ணப்பம், மனு, வேண்டுகோள் என்பனவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தில் படிப்பவர் ஒரே தொடர்ச்சியாகக் காண்பதைத் தமிழில் படிப்பவர் இரு வேறு செயல்களாகக் காண்கிறார். இது தமிழின் குறையன்று. மாறாக, ஆங்கிலச் சொல் மறைத்துவைப்பதைத் தமிழ் வெளிப்படுத்திவிடுகிறது: சார்பாளர் என்ற பெயர் பெற்றவர்கள் உண்மையில் செய்தது எடுத்துரைத்தல் மட்டுமே.

பழந்தமிழ் மரபு அரசன் வாயிலில் நிற்போரை முறை வேண்டுவோர், குறை வேண்டுவோர் என இருவகைப்படுத்தியது. முறை என்பது நீதி. அதனைக் கேட்பவர் தமக்குரியதைக் கேட்கிறார். குறை என்பது இன்மை; அதனைக் கூறுபவர் அருளை நாடுகிறார். 'முறையிடு' என்னும் வினை முதல்வகையைச் சார்ந்தது. 'குறையிரத்தல்' இரண்டாவதைச் சார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு விண்ணப்பங்களில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. நடை குறையிரப்பது, உள்ளடக்கம் முறையிடுவது.

2. விண்ணப்பம், அர்ஜி, மகஜர்

விண்ணப்பம் வடமொழி 'விஞ்ஞாபன' என்பதன் திரிபு. பல்லவர் செப்பேடுகளில் தானத்தை வேண்டியவர் விண்ணப்பம் செய்தவராகவும், ஆணையை நிறைவேற்றுபவர் ஆணத்தியாகவும் குறிக்கப்படுதல் அறிந்ததே. கன்னடத்தின் 'பின்னஹ', 'பின்னப' என்பனவும் அம்மூலத்தினின்றே வந்தவை. தமிழ் வகர முதலுக்குக் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரம் வருதல் (வேர் - பேரு, வில் - பில்லு) இங்கும் காணப்படுகிறது. தெலுங்கு 'வின்னபம்' வகரத்தைக் காத்துள்ளது.

அர்ஜி, அரபியில் 'முன்வைத்தல்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. கன்னடத்தில் இன்றும் அலுவலகப் படிவம் எதுவும் அர்ஜியே. தமிழில் அச்சொல் தேய்ந்து, அதன் இடத்தை மனு பிடித்துக்கொண்டது. தமிழகத்தில் மக்கள் குறை கேட்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயரிட்டவர்கள், கன்றை இழந்த பசு மணியடித்த சோழன் கதையையும் விண்ணப்பத்தாளையும் ஒரே சொல்லில் முடிச்சிட்டுவிட்டனர். அதனை வேறு மொழிக்குப் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றை இழந்தே தீரவேண்டும்.

மகஜரின் வரலாறு இன்னும் சுவையானது. அரபியில் 'முன்னிலையாதல்' என்னும் வேரினின்று பிறந்த இச்சொல், பலர் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்ட ஆவணத்தைக் குறித்தது. அப்பொருள் இரு கிளைகளாயிற்று. பலர் கூடி ஒப்பமிட்டு அரசுக்கு அளிக்கும் விண்ணப்பம் என்பது ஒரு கிளை. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் மகஜர் கையளிக்கப்பட்டது என்பது இன்றும் இப்பொருளிலேயே வரும். சாட்சிகள் முன்னிலையில் காவலர் எழுதும் பதிவு என்பது மற்றொரு கிளை. தமிழகக் காவல்நிலையத்துப் 'பார்வை மகஜர்' இவ்வகையினது. யாழ்ப்பாணச் செய்தி ஒன்றைக் கன்னடத்திற்கோ மலையாளத்திற்கோ பெயர்ப்பவர் கவனமின்றி இருப்பின், மக்கள் அளித்த வேண்டுகோள் காவல்துறைப் பதிவாக மாறிவிடக்கூடும்.

முகவரிப் பகுதியிலும் ஓர் இடர் உண்டு. பழைய விண்ணப்பங்கள் 'துரையவர்கள் சமுகத்திற்கு' என்று தொடங்கும். அங்குச் சமுகம் என்பது திருமுன் என்று பொருள்படும். 'சமூகம்' என்றும் அது எழுதப்பட்டது. இன்றைய மாணவர் அதனை மக்கள் கூட்டம் என்று கொள்கின்றார். இறுதிப்பகுதியில் எழுதத் தெரியாதவர் இட்ட கீறலுக்குத் 'தற்குறி' என்று பெயர். கையொப்பத்திற்கு ஈடாக மதிக்கப்பட்ட அச்சொல் பின்னர் வசைச்சொல்லாயிற்று. விண்ணப்பத்தில் தன் குறியை இட்டவர், ஆட்சியை நோக்கித் தன் பெயரால் பேசத் துணிந்தவர் என்பதை நினைத்தால் இப்பொருள்மாற்றம் வருந்தத்தக்கதே.

3. நாமா, நாங்களா?

மைசூர் அவையின் கன்னடப் பேச்சைத் தமிழாக்குவோர்க்கு மிகப்பெரும் சிக்கல் ஒரு சிறு சொல்லில் உள்ளது. புதுக்கன்னடத்தில் தன்மைப் பன்மைக்கு 'நாவு' ஒன்றே உண்டு. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் நாம், உளப்படுத்தாத நாங்கள் என இரண்டு உள்ளன. தெலுங்கிலும் மனமு, மேமு என இவ்வேறுபாடு உண்டு. ஆதலின் கன்னட உறுப்பினர் சொல்லாமல் விட்டதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சொல்லியே ஆகவேண்டும்.

இதன் விளைவு சிறிதன்று. 1876-78 பஞ்சத்தில் மைசூர் பேரழிவுற்றது. 1871 கணக்கெடுப்பில் ஐம்பது இலட்சத்திற்கு மேலிருந்த மக்கள்தொகை, 1881-இல் நாற்பத்திரண்டு இலட்சத்திற்கும் குறைந்தது. மூன்றாண்டுகள் கழித்துக் கூடிய அவையில் ஓர் உழவர் எழுந்து, "பஞ்சத்தால் 'நாவு' கெட்டோம், கிஸ்தி கட்ட முடியவில்லை" என்று கூறுவதாகக் கொள்வோம். இதனை நாங்கள் என்று பெயர்த்தால், பேசுபவர் குடியானவர், கேட்பவர் அரசு என இருதரப்பு உருவாகிறது. நாம் என்று பெயர்த்தால், திவானும் உழவரும் ஒரே நாட்டின் உறுப்பினராகின்றனர். முன்னது விண்ணப்பத்தின் இலக்கணம். பின்னது மன்றத்தின் இலக்கணம். குறிக்கத்தக்கது யாதெனில், அரசின் அறிக்கைகள் அவையினரை நாட்டு நன்மையில் பங்குடையவராக, அதாவது நாம் என்னும் வட்டத்திற்குள் அழைத்தன. உறுப்பினர்களோ வட்டம் வட்டமாக நாங்கள் என்னும் நிலையிலிருந்தே ஏரி, கால்வாய், சாலை பற்றிப் பேச வந்தனர். எல்லா இடத்தும் ஒரே சொல்லை இடுதல் பிழை. கிஸ்தி பற்றிய இடத்தில் நாங்கள் என்பதும், நாட்டின் பொதுச்செய்தி பற்றிய இடத்தில் நாம் என்பதும் பொருந்தும். பேச்சு ஒன்றினுள்ளேயே இது மாறலாம்.

அவையின் சொல் வெறும் காற்றோடு போயிற்று என்பதும் தவறு. குழந்தை மணம் பற்றி அங்கு நிகழ்ந்த விவாதத்தின் பின், எட்டு வயதிற்குட்பட்ட பெண்ணை மணப்பதையும், ஐம்பது வயது கடந்தவர் பதினான்கு வயதிற்குட்பட்ட பெண்ணை மணப்பதையும் தடுக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் மைசூரில் 1894-இல் வந்தது. அவை சட்டம் இயற்றவில்லை. சட்டம் பிறக்க இடம் தந்தது.

4. சட்டமியற்றும் மன்றத்தை நோக்கிய குரல்

மைசூருக்கு வெளியே, சட்டமியற்றும் அதிகாரமுடைய மன்றங்களுக்கே விண்ணப்பித்தோரும் இருந்தனர். காசுலு இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நிறுவிய சென்னை சுதேசிகள் சங்கம், கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த வேளையில், 1852-இல் இலண்டன் நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பியது. வரிவசூலில் குடிகள் படும் வதையை அது எடுத்துக்கூறியது. பின்னர் அமைந்த விசாரணைக் குழு, வதை உண்மையே என 1855-இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டே கல்கத்தாவில் ஈசுவர சந்திர வித்யாசாகர் ஏறத்தாழ ஆயிரம் ஒப்பங்களுடன் கைம்பெண் மறுமணச் சட்டம் வேண்டிச் சட்டசபைக்கு விண்ணப்பித்தார். எதிர் விண்ணப்பங்களில் ஒப்பமிட்டோர் பன்மடங்கினர். ஆயினும் 1856-இல் சட்டம் நிறைவேறியது. எண்ணிக்கை இங்கு வாக்காகக் கொள்ளப்படவில்லை.

நாடாளுமன்ற விண்ணப்பங்கள், மனுதாரர் கடமைப்பட்டவாறு என்றும் வேண்டிக்கொள்வர் என்னும் பொருள்பட முடியும். அவ்வாங்கில வினை இறைவனை வழுத்துதலுக்கும் உரியது. இதனைப் பிரார்த்தனை என்று பெயர்த்த பழைய வழக்கு, உரிமையோடு கூடிய ஒரு மரபுத்தொடரை அடியார் மொழியாக்கிவிட்டது. ஆங்கிலேயர் தம் மன்றத்திற்கு எழுதும்போதும் இதே தொடரை எழுதினர் என்பதைத் தமிழ் வாசகர் அறியார். ஆதலின் அடிமை மனப்பான்மை என்று நாம் காண்பதில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பின் படைப்பே.

5. மதுக்கடை: விலக்கா, தணிப்பா?

இவ்வனைத்துச் சிக்கலும் மது பற்றிய விண்ணப்பங்களில் ஒருசேரத் தோன்றுகின்றன. மதுவரி அன்று 'அப்காரி' எனப்பட்டது. பாரசீகத்தில் ஆப் நீர், கார் தொழில். கன்னடத்திலும் மலையாளத்திலும் துறையின் பெயராகவும் சட்டத்தின் பெயராகவும் இச்சொல் இன்றும் வாழ்கிறது. தமிழில் ஆயத்தீர்வை என்பது அதன் இடத்தைப் பெற்றது. தமிழக அரசில் மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் ஒரே துறையின் பெயரில் அடுத்தடுத்து நிற்பது, மொழிபெயர்ப்பாளர் விளக்கவியலாத, ஆனால் மாற்றவும் கூடாத ஓர் அமைப்பு.

சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டம் சாராயம், கள் இரண்டையும் ஒழுங்குபடுத்தியது. காய்ச்சும் உரிமையும் விற்கும் உரிமையும் குத்தகைக்கும் ஏலத்திற்கும் விடப்பட்டன. ஏலத்தொகை கூடக் கூட வருவாய் கூடும். கடையும் பெருகும் என்பதே எதிர்ப்பாளர் குற்றச்சாட்டு. சாமுவேல் ஸ்மித், டபிள்யூ.எஸ்.கெய்ன் ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1888-இல் ஆங்கிலோ-இந்தியக் குடிக்கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினர். 1889 ஏப்பிரல் 30-ஆம் நாள் ஸ்மித் கொணர்ந்த தீர்மானம் 113-க்கு 103 என்னும் வாக்குகளால் காமன்சு அவையில் நிறைவேறியது. ஊரார் எதிர்ப்பை மீறிக் கடைகள் திறக்கப்படுகின்றன என்பதே அதன் சாரம். இந்திய தேசிய காங்கிரசும் அவ்வாண்டுகளில் இதே கருத்தைத் தீர்மானங்களில் வலியுறுத்தியது. சங்கம் 1890-இல் இலண்டனில் தொடங்கிய இதழின் பெயர் 'அப்காரி': வரியின் பெயரே அதனை எதிர்த்தவர்களின் கொடியாயிற்று.

இத்தீர்மானத்தை 'மதுவிலக்குத் தீர்மானம்' என்று தமிழில் எழுதுவது பெருவழக்கு. அது பிழை. தீர்மானம் கேட்டது தணிப்பை; ஒழிப்பையன்று. 1890-இல் இந்திய அரசு தந்த மறுமொழியும், வரியை உயர்த்துதல், கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், ஊரார் கருத்தை அறிதல் என்னும் அளவிலேயே நின்றது. ஊர்களிலிருந்து எழக்கூடிய கோரிக்கையும் பெரும்பாலும் ஒரு கடையைப் பற்றியதே: கோயிலருகில் வேண்டா, சந்தைவழியில் வேண்டா என்பன போல.

சொல்லிலக்கணமே இவ்வேறுபாட்டைக் காட்டும். திருக்குறள் அதிகாரத்தின் பெயர் கள்ளுண்ணாமை. அதன் வினைமுதல் உண்பவரே. மதுவிலக்கில் வினைமுதல் விலக்குபவர், அதாவது அரசு. முன்னது அறம், பின்னது ஆணை. பத்தொன்பதாம் நூற்றாண்டு விண்ணப்பதாரர் இவ்விரண்டிற்கும் இடையே நின்றார். அவர் தாம் உண்ணாமையைப் பற்றிப் பேசவில்லை; அரசு எல்லார்க்கும் விலக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை; அரசே விற்பனையைத் தூண்டாதிருக்க வேண்டும் என்றார். இதற்குக் 'குடிக்கட்டுப்பாடு', 'கடைக்குறைப்பு' என்பன போன்ற சொற்களே நேரியவை. அழகில் குறைந்தாலும் பொருளில் குறையா. மதுவிலக்கு என்னும் சொல்லை 1937-க்குக் காத்துவைப்பது நன்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் இராசாசியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது உண்மையான விலக்கு. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியும் வந்தது.

மைசூர் அவையின் நிலையும் காலத்தால் மாறியது. 1881 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் அது அரச ஆணையின் அருளால் மட்டுமே கூடியது. 1923-இன் ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குச் சட்ட அடிப்படை தந்தது. புதுவரி விதிக்குமுன் அவையைக் கலந்தாக வேண்டும் என்றாயிற்று. கன்னடத்தில் அவையின் பெயர் மாறவில்லை. உறுப்பினர் எடுத்துரைப்பதைக் குறிக்கும் சொல்லும் மாறவில்லை. தமிழாக்குவோர் மட்டும், 1881-இன் பக்கத்தில் 'குறை கூறினர்' என்று எழுதிய அதே வினையை, 1924-இன் பக்கத்தில் 'முறையிட்டனர்' என்று எழுத வேண்டியிருக்கும்.